குரலை மாற்றிச் சொல்

"தென்னரசு?"

"எஸ் சார்," என்றான் கடைசி பெஞ்ச் ரெஜி. விடிகாலையிலேயே பட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டு ஆரணிக் கல்லூரிக்கு ஓடி வந்த அலுப்பில், குரலை மாற்ற மறந்துவிட்டான்.

வந்து ஒரு வாரமே ஆன பேராசிரியர் நிமிர்ந்தார். "நீ ரெஜிதான? எத்தினி நாளா பிராக்ஸி குடுக்கற?"

"ரெண்டு வருஷமா சார்."

"அவன் எங்க சுத்திகினு இருக்கான்?"

பேராசிரியர் எண்ணிப் பார்த்தார். பதிவேட்டில் அறுபத்திரண்டு பேர். எதிரிலும் அறுபத்திரண்டு தலை.

"எல்லாரும் வந்திருக்கீங்க. அப்புறம் யாருக்குடா பிராக்ஸி?"

முதல் பெஞ்சிலிருந்து மதிவதனி எழுந்தாள். வகுப்பே அவள் நோட்டைப் பார்த்துத்தான் எழுதும்.

"எனக்குதான் சார். திருநங்கைன்னு கார்டு வந்து ரெண்டு வருஷம் ஆவுது. எத்தினியோ மனு குடுத்துட்டேன், ரிஜிஸ்டர்ல இன்னும் தென்னரசுதான். அந்தப் பேருக்கு என் வாயால எஸ் சார் சொல்ல முடியல."

பதிவேட்டில் இருக்கும் பெயரைத்தான் கூப்பிட வேண்டும் என்று பிரின்சிபால் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னது ஏனென்று பேராசிரியருக்கு இப்போதுதான் புரிந்தது.

தென்னரசுக்கு நேரே டிக் அடித்தார்.

"ரெஜி, நாளையிலேர்ந்து கொஞ்சம் குரலை மாத்திச் சொல்லு."