கொழும்பு வேணாம் சித்தப்பா

“மம்பட்டி பிடிக்கிறதுக்கா ஒன்னயக் கொழும்புக்குக் கூட்டி வந்தேன்?”

இருளப்பன் மகளை ஏசத் தொடங்கிவிட்டார். அட்டனிலிருந்து வந்த தம்பி லோகேஸ்வரன் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

விஷயம் இதுதான். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியாகிவிட்டது. லோகேஸ்வரனின் மகள் கோபிகாவுக்கு மட்டக்களப்பில் மருத்துவம். இருளப்பனின் மகள் டினோஜாவுக்கும் அதே மட்டக்களப்புதான். ஆனால் விவசாயம்.

தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து படித்தவள் டொக்டராகப் போகிறாள். கொட்டாஞ்சேனையில் பெரிய பள்ளிக்கூடம், டியூஷன் என்று படித்தவளுக்குப் பயிர்ச்செய்கை. கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

“ஆறாம் வகுப்புலயே இவளத் தூக்கிட்டு வந்தேன் தம்பி. கொழும்புல படிச்சா கொழும்பு கெம்பஸ்லயே டொக்டருக்குப் படிப்பான்னு. இத்தன வருசமா ஒருகொடவத்தை யார்டுல கொண்டெய்னருக்குப் பக்கத்துல வெயில்ல காய்றேன். எதுக்கு? இவ மெளகாய்க்கன்னு நடுறதுக்கா?”

“விடுங்கண்ணே. விவசாயமும் படிப்புத்தானே.”

“படிப்புத்தான். அத தோட்டத்துலயே இருந்து படிச்சிருக்கலாமே.”

இருளப்பனின் வாய் அப்படி. யார்டிலிருந்து கிளம்பிய லொறி மாதிரி, இறக்கத்தில் பிரேக் பிடிக்காது.

டினோஜா சித்தப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. அதுதான் அவள் அம்மா ஜெயராணிக்கு இன்னும் எரிச்சல். ஏச்சு வாங்குகிற பிள்ளை கொஞ்சம் அழுதாலாவது பெற்றவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

“நான் ஒழுங்காப் படிக்கலப்பா. கோபிகா கஷ்டப்பட்டுப் படிச்சா. எனக்கு அவளவிட மார்க்ஸ் கொறவு,” என்றாள், பாடம் ஒப்புவிப்பது போல.

“சொல்றதுக்கு வெக்கமா இல்ல?”

அவள் கதவோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

லோகேஸ்வரனுக்குச் சங்கடமாக இருந்தது. பேச்சை மாற்றினார்.

“அண்ணே, நான் வந்ததே ஒரு விஷயம் கதைக்கத்தான். மகளுக்கு மட்டக்களப்பு கெடச்சதுல சந்தோசம். இல்லன்னு சொல்லல. ஆனா கொழும்பு கெம்பஸுக்குத்தானே கூட மார்க்ஸ் கேக்குறாங்க? பெரிய கெட்டிக்காரங்க எல்லாம் அங்கதானாம். சின்னவன் அபிஷனுக்காவது அது கெடைக்கணும்.”

“அதுக்கு?”

“இப்ப எட்டாம் வகுப்பு. வார வருசம் அவன இங்க கூட்டி வந்து, ஒங்க பக்கத்துலயே ஒரு வீடு எடுக்கலாம்னு இருக்கேன். டினோஜா படிச்ச மாதிரி பெரிய ஸ்கூல்ல போட்டா, பையன் முன்னுக்கு வந்துருவான்.”

“நல்ல யோசன தம்பி,” என்றாள் ஜெயராணி. “நாங்களும் தனியாத்தானே கெடக்கோம்.”

“வேணாம் சித்தப்பா.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டினோஜாதான்.

“அபிஷன் அங்கயே படிக்கட்டும். கொழும்பு வேணாம்.”

“ஏம்மா?”

“இங்க... இங்க படிப்பு சரியில்ல சித்தப்பா.”

ஜெயராணிக்கு வந்ததே கோபம். “கொழும்புல படிப்பு சரியில்லயாம், தோட்டத்துல சரியாம். கேட்டுக்குங்க. ஒனக்குக் கெடைக்கலன்னா தம்பிக்கும் கெடைக்கக்கூடாதா? இவ்வளவு வயித்தெரிச்சல் ஆகாதுடி.”

லோகேஸ்வரன் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் முகம் சுருங்கிவிட்டது. தேத்தண்ணியைப் பாதியில் கீழே வைத்தார்.

டினோஜா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பாவைப் பார்த்தாள். சொல்லாமலே விட்டுவிட்டாள்.

“வாயத் தொறந்தா பொறாம. உள்ளுக்குப் போ,” என்றார் இருளப்பன்.

போனாள். அப்போதும் அழவில்லை.

சாப்பிட்டு முடித்துத் தம்பியை வழியனுப்ப பஸ் ஹோல்ட் வரை நடந்தார் இருளப்பன்.

“அண்ணே, அப்ப வீடு ஒன்னு பாத்து வைக்கிறீங்களா?”

“வேணாம். அபிஷனக் கூட்டி வராத.”

“நீங்களுமாண்ணே?”

“வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறடா. கொழும்புல இருந்து எழுதுற புள்ளைக்கு மார்க்ஸ் கூட வேணும். நம்ம அட்டன் பக்கம், நுவரெலியா மாவட்டத்துக்குக் கொறவு.”

“பின்தங்கின மாவட்டம்னு சொல்வாங்களே, அதா?”

“அதேதான். எனக்கு அப்ப இதெல்லாம் தெரியாது. பெரிய ஸ்கூல்னு மட்டும் பாத்தேன்.” இருளப்பன் குரலைத் தாழ்த்தினார். “டினோஜாவுக்கு ஒன் மகளவிட மார்க்ஸ் கூட. டியூஷன் பேர்னாட் சேர் என்னய ரோட்டுல நிப்பாட்டிச் சொன்னாரு. அந்த மார்க்ஸுக்கு இங்க இருந்து மட்டக்களப்பு மெடிசின்கூட எட்டல. அட்டன்லயே விட்டிருந்தா கொழும்பு கெம்பஸே கெடச்சிருக்குமாம்.”

லோகேஸ்வரன் அப்படியே நின்றுவிட்டார்.

“அப்ப ஏன் அவ, கொறவுன்னு சொல்றா?”

“நான் கூட்டி வந்ததுலதான் எல்லாம் கெட்டுச்சுன்னு தெரிஞ்சா அப்பா ஒடஞ்சு போயிருவாருன்னு பயப்படுறா. அதான் பழியத் தன் மேல போட்டுக்கிட்டா.”

லோகேஸ்வரனுக்குக் கோபம்கூட வந்தது. “இவ்வளவும் தெரிஞ்சுமா அண்ணே அந்தப் புள்ளைய அப்படி ஏசுறீங்க?”

கோட்டைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. இருளப்பன் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஏசுறத நிப்பாட்டினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்கு வெளங்கிரும் தம்பி.”