பெத்த புள்ளைக்கு அனுமதி இல்ல

"இருசப்பன் ஆளுங்க யாரு? ஒருத்தர் மட்டும் வாங்க."

ஐசியூ கதவ பாதி தொறந்து சிஸ்டர் தஹ்சீன் கூப்பிட்டதும், வல்லரசு எழுந்து ஓடினான். கையில கோயில் விபூதிப் பொட்டலம். அழுது அழுது கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு.

"நீங்க வேணாம். வேற யாராவது இருந்தா வரச் சொல்லுங்க."

"நான் அவரு புள்ளைங்க!"

"தெரியும். வேற யாராவது."

கதவு மூடிக்கிச்சு.

பெஞ்சுல இருந்த அத்தன பேருக்கும் வேல கெடச்சுடுச்சு. ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்தவங்களுக்கு நோயப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா நர்ஸப் பத்தி எல்லாம் தெரியும்.

"நெஞ்சுல ஈரமே இல்லாத பொம்பள. பெத்த புள்ளைய தொரத்துது பாரு" அப்படின்னாங்க ஜோதியம்மாள். அவங்க வீட்டுக்காரரும் உள்ளதான் படுத்திருக்காரு.

"காலையிலயும் விடலக்கா. நேத்து பாத்ததோட சரி. எங்கப்பன நான் பாக்கக் கூடாதா?" வல்லரசு சுவத்துல தலைய முட்டிக்கினான்.

"பாய், நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்களேன். உங்க ஆளுதான அது?" ஜோதியம்மாள் பக்கத்துல இருந்த ஜியாவுல்லாவ கேட்டாங்க.

"நீங்க வேறம்மா! என் பொண்டாட்டிக்கு எங்க மாமியா ஆக்குன ரசஞ்சோறு கொண்டாந்தேன். அந்த சிஸ்டரு டப்பாவ மோந்து பாத்துட்டு, உப்பு ஜாஸ்தினு திருப்பி அனுப்பிட்டா. முப்பது வருசமா நான் தின்ற சோறு. ஒரு நாளாச்சும் எனக்கு அத திருப்பி அனுப்ப தைரியம் வந்துச்சா?"

எல்லாரும் சிரிச்சாங்க. வல்லரசு மட்டும் சிரிக்கல.

அந்த நேரம் பாத்து அவன் தங்கச்சி தமிழ்செல்வி வந்து சேந்தா. கீழ்பென்னாத்தூருல குடுத்த பொண்ணு. பஸ்ஸ விட்டு எறங்கின வேகத்துல மூச்சு வாங்குது.

"அப்பா எப்டிண்ணா இருக்காரு?"

"என்னக் கேட்டா? உள்ள ஒரு மகராசி இருக்குது, அதக் கேளு."

மிச்சத்த பெஞ்சே சொல்லிடுச்சு. ஆளுக்கொரு வாயி. தமிழ்செல்வி முந்தானைய இழுத்து சொருவினா.

"ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்."

உள்ள இருசப்பன் கண்ண மூடிப் படுத்திருந்தாரு. மூஞ்சியில ஆக்சிஜன் மாஸ்க், நெஞ்சு பூரா ஒயரு. தலமாட்டு மெஷின்ல ஒரு பச்சக் கோடு ஓடினே இருந்துச்சு.

"எங்கண்ணன் என்னாங்க பாவம் பண்ணான்? சோறு தண்ணி இல்லாம வாசல்லயே கெடக்கிறான். உங்களுக்கு அப்பா கெடையாதா?"

"மெதுவா பேசுங்கம்மா. அவருக்குக் காது நல்லா கேக்குது." தஹ்சீன் அவள ஓரமா கூட்டினு போனா. "அந்த மெஷின பாருங்க. இப்ப எழுவத்தாறு காட்டுதா? அதுதான் உங்கப்பா நெஞ்சு துடிக்கிற கணக்கு. நேத்து உங்கண்ணன் வந்து அவரு காதுகிட்ட குனிஞ்சு பேசுனாரு. நூத்தம்பதுக்கு மேல ஏறிடுச்சு. கோடு தாறுமாறா ஓடுது. ஊசி போட்டு எறக்குறதுக்குள்ள எங்க உசிரு எங்கள்ட்ட இல்ல."

"புள்ளைய பாத்த சந்தோஷமா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதான் சாயந்தரமும் விட்டேன். மறுபடியும் குனிஞ்சாரு, மறுபடியும் ஏறுச்சு. இன்னொரு தடவ ஏறுனா இந்த நெஞ்சு தாங்காதும்மா. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டுப் போயிடுவாரு. இந்தக் கோட்டப் பாத்துனே உக்காந்திருக்கிறது நான்தான். டாக்டர்கிட்ட சொன்னேன், அவரும் விட வேணாம்னுட்டாரு."

"அத வெளிய சொல்ல வேண்டியதுதான? ஊரே உங்கள திட்டுது."

"திட்டட்டும். காரணத்த சொன்னா அப்புறம் உங்கண்ணன் அந்தப் பெஞ்சுல உக்கார முடியாது."

"அப்படி என்னா சொன்னான் அவன்?"

தஹ்சீன் அவள கட்டிலுகிட்ட கூட்டினு வந்தா. இருசப்பன் நெஞ்சுல பிரிஞ்சிருந்த ஒயர அமுக்கி ஒட்டினா.

"பேசுங்க. நல்லதா நாலு வார்த்த பேசுங்க."

தமிழ்செல்வி அப்பா கையப் புடிச்சா. கை சில்லுனு இருந்துச்சு.

"அப்பா... நான்தாம்பா, செல்வி வந்துக்கிறேன்."

இருசப்பன் கண்ணத் தொறந்தாரு. வெரலால மாஸ்க்க கொஞ்சமா நகத்தினாரு.

"கண்ணு... ரேவதி நட்சத்திரம் முடிஞ்சிடுச்சா?"

"எதுக்குப்பா இப்ப அது?"

"அதுக்குள்ள செத்தா அடைப்பாமே. ஆறு மாசம் வீட்டப் பூட்டிப் போடணுமாம்... வர்ற மாசம் மாடியில லாட்ஜு ஆரம்பிக்கிறானாம். 'ரேவதி தாண்டுற வரைக்கும் போயிடாதப்பா'னு உங்கண்ணன் காதுல அழுவுறான்..."

பச்சக் கோடு குதிக்க ஆரம்பிச்சுது. மெஷின் கத்துச்சு. தஹ்சீன் ஊசிய எடுத்துனு ஓடியாந்தா.

இருசப்பன் பொண்ணு கைய இன்னும் இறுக்கிப் புடிச்சாரு.

"ராத்திரியெல்லாம் பல்லக் கடிச்சுனு இருக்கேம்மா, முடியல... முடிஞ்சதும் சொல்லு கண்ணு, உட்டுடறேன்."