திருப்பிச் சொன்ன டாக்டர்

“வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்குன்னு சொல்ல மாட்டேம்மா. ஆனா போன் பண்ணினேன். அது நிச்சயம்.”

எக்ஸ்ரே டாக்டர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அந்த அம்மாள் உட்காரவில்லை. கையில் ஒரு நெஞ்சுப் படம். ஏழு மாதத்துக்கு முன் இதே அறையில் அவர் பார்த்தது.

“என் வீட்டுக்காரர் படம். எனக்குத் தெரியக் கூடாதுன்னு வேற பேர் குடுத்து எடுத்திருக்கார். கடைசி வாரத்துலதான் வாயைத் திறந்தார். ‘எடுத்தேன், முடிவை யாரும் சொல்லலை’ன்னார். வக்கீலைப் பாத்துட்டுதான் வர்றேன்.”

எக்ஸ்ரே டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தார். வழக்கு வந்தால் வேலை போகும். இந்த வயதில் வேறு எவனும் கூப்பிட மாட்டான்.

“நாங்க நோயாளி மூஞ்சியையே பாக்கறதில்லம்மா. படம் எடுக்கச் சொல்லி சீட்டு எழுதின டாக்டருக்குத்தான் சொல்லணும். ஆபத்தா ஏதாவது தெரிஞ்சா எழுதி அனுப்பினா மட்டும் போதாது, கூப்பிட்டுச் சொல்லணும். சொன்னதை அவர் திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் நோட்டுல ஏத்துவேன்.”

“திருப்பிச் சொன்னாரா?”

“முதல்ல முணுமுணுத்தார். சரியா கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க சார்னேன். ‘வலது நுரையீரல்ல கட்டி, புற்றுநோயா இருக்கலாம், உடனே பாக்கணும்’னு தெளிவா சொன்னார்.”

“அப்புறம்?”

“ரொம்ப நேரம் பேச்சே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு ஹலோ ஹலோன்னேன். ‘நோயாளிக்கு நான் சொல்லிக்கறேன்’னு வெச்சுட்டார்.”

“சொல்லலையே, படுபாவி!”

“அப்ப கேஸை அவர் மேல போடுங்க. என்னை ஏன் கோர்ட்டுக்கு இழுக்கறீங்க?” நோட்டைப் புரட்டி அவள் பக்கம் திருப்பினார். “தேதி, நேரம், டாக்டர் பேரு. எல்லாம் இருக்கு.”

அவள் பார்த்தாள். பெயரின் மேல் வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை. பக்கத்து அறையில் யாரையோ மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். பிறகு விடச் சொன்னார்கள்.

“இவர் மேல போட முடியாது” என்றாள். படத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

வழக்கு வரவில்லை. எக்ஸ்ரே டாக்டர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். வக்கீலுக்கு வேறு கட்சிக்காரர்கள் கிடைத்தார்கள். தன் நெஞ்சுக்குத் தானே சீட்டு எழுதிக்கொண்ட டாக்டர், அவள் இங்கே வருவதற்கு முந்தின மாதமே அந்த அம்மாளின் மடியில் தலை வைத்தபடி இறந்துபோயிருந்தார்.