இரண்டு கிராம் உப்பு

சாம்பாரை வாயில் வைத்தவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

எட்டு மாதம். எட்டு மாதமாக இந்தத் தண்ணீரைத்தான் சாம்பார் என்று நம்பி விழுங்கியிருக்கிறார்.

இன்று காலை டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். உடம்பில் சோடியம் ரொம்பக் குறைந்துவிட்டதாம். தலைசுற்றல் அதனால்தானாம்.

"ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் மில்லிகிராம் சோடியம்னுதானே சொன்னேன். உப்புன்னா சொன்னேன்?"

இவரிடம் எங்கே சொன்னார்? மகனிடம் சொல்லியிருக்கிறார். நெஞ்சுவலி வந்து இவர் கண்மூடிக் கிடந்த அன்று, வெளியே நின்று கேட்டுக்கொண்டவன் இளம்பரிதி. 'ரெண்டு கிராம் உப்புப்பா, அதுக்கு மேல தொடக்கூடாது' என்று வந்து சொன்னவனும் அவனே.

மில்லிகிராமைக் கிராமாக்கத் தெரிந்திருக்கிறது அந்தத் துரைக்கு. சோடியம் வேறு, உப்பு வேறு என்று தெரியவில்லை.

அதுவும் யார் பிள்ளை? காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர் பிள்ளை!

ஒரு மோல் உப்பு ஐம்பத்தெட்டரை கிராம். அதில் சோடியம் இருபத்துமூன்று கிராம்தான். மீதியெல்லாம் குளோரின். இதைக் குழப்பிய பையன்களை அவர் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்திருக்கிறார்.

தாங்கவில்லை. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் இடது கையால் ஃபோனை எடுத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா" என்றான் மகன்.

"ஒண்ணாடா? என் நாக்கே செத்துப்போச்சுடா!"

ஃபோனை வைத்துவிட்டு மனக்கணக்குப் போட்டார். இரண்டை இருபத்துமூன்றால் வகுத்தார். வந்ததை ஐம்பத்தெட்டரையால் பெருக்கினார்.

ஐந்து கிராம். கொஞ்சம் கூடவே வந்தது.

தினமும் மூன்று கிராமை எவனோ தன் தட்டிலிருந்து திருடிக்கொண்டு போனது மாதிரி அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செண்பகம், அந்த உப்பை எடு."

மனைவி எதிரில் உட்கார்ந்து அதே சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

வீட்டில் ஒரே குழம்புதான் என்பது அவர் போட்ட சட்டம். பக்கத்துத் தட்டில் உப்புப் போட்டது இருந்தால் தனக்கு மனசு அலையும் என்று சொல்லியிருந்தார். தினமும் காலையில் அவரே சின்னத் தராசில் இரண்டு கிராம் நிறுத்துக் கொடுப்பார். அன்றைக்குச் சமையலுக்கு அதுதான்.

அவள் எழுந்து போய் உப்புப் பொட்டலத்தையும் தராசையும் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி தட்டின் முன் உட்கார்ந்தாள்.

காலையில் போட்ட இரண்டு போக, இன்னும் மூன்று பாக்கி. அவர் குனிந்து, மூச்சை அடக்கி நிறுத்தார். பாதியைத் தன் சாம்பாரில் போட்டார். மீதியை ராத்திரிக்கு என்று ஒரு கிண்ணத்தில் ஒதுக்கி, தன் பக்கமாக வைத்துக்கொண்டார்.

பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். அப்பாடா.

"என்னங்க..."

கண்ணைத் திறந்தார்.

"எனக்கு டாக்டர் எத்தனை கிராம் சொன்னாரு?"

அவள் குரல் உயரவில்லை. பிசைந்த கை மட்டும் தட்டில் அப்படியே நின்றிருந்தது.

அவர் வாயிலிருந்த சோற்றை மெல்லாமல் அவளைப் பார்த்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எப்போதிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தராசை ஓரமாக நகர்த்திவிட்டுப் பொட்டலத்துக்குள் கையை விட்டாள்.