அடுத்தவர் விரல்

ராக்கியப்பன் தோளில் இருக்கும் துப்பாக்கி அவன் விரலுக்குச் சுடாது. எங்கோ நகரத்தில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் திரையைத் தொட்டால்தான் சுடும். வால்பாறைக்கு மேலே மலையேறுவதும், தடம் பார்ப்பதும், அட்டைக்கடி வாங்குவதும் இவன் பாடு.

அன்று முதல் குண்டில் காட்டுமாடு விழவில்லை. ரத்தம் சொட்டச் சொட்ட உண்ணிப்புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

“சார், இன்னொன்னு போட்டுருங்க. காயம்பட்டதை விட்டுட்டு வரக் கூடாதுங்க.”

“என் டைம் முடிஞ்சுதுப்பா,” என்றது காதுக் கருவி. துப்பாக்கியின் பச்சை விளக்கு அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிந்தது. அடுத்த வாடிக்கையாளர் வந்திருந்தார்.

“இது யாரோ ஏற்கெனவே சுட்டது. எனக்குப் புதுசாக் காட்டு. கிடைச்சதும் கூப்பிடு.”

விளக்கு மறுபடியும் அணைந்தது.

அப்போதுதான் கீழே ஒற்றையடிப் பாதையில் தெய்வாத்தாளைப் பார்த்தான். அவன் மனைவி எஸ்டேட் வேலை முடிந்து, அந்தப் புதரை நோக்கியே வந்துகொண்டிருந்தாள். பதறிப்போய் நாக்கை மடித்துச் சீழ்க்கை அடித்தான். துப்பாக்கி அவனுடையதாக இருந்த காலத்துச் சீழ்க்கை அது. பக்கத்தில் மிருகம் இருக்கிறது, குண்டுச் சத்தம் கேட்கும்வரை அசையாதே என்று அர்த்தம்.

அடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

தெய்வாத்தாள் புதருக்குப் பத்தடி தள்ளி அப்படியே நின்றாள். புதர் அசைந்தது. அப்போதும் அவள் நகரவில்லை. புருஷன் குறி தப்பாது என்று அவளுக்குத் தெரியும்.

ராக்கியப்பன் விசையை அழுத்திக்கொண்டே இருந்தான்.