இருபத்தேழு வீட்டுச் சாவி

நேற்றுப் பதினான்காம் எண் வீட்டுக் கொடியில் காய்ந்த பச்சைப் புடவை, இன்று பத்தொன்பதாம் எண் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

துளசிக்குச் சுருக்கென்றது.

ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக, காஞ்சிபுரத்துக்கு வெளியே ஐயம்பேட்டைக்கும் அப்பால் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி அது. நாற்பத்தெட்டு வீடுகள். குடிவந்த ஓராண்டில் அவர்களுடைய வாழ்வும் வருமானமும் எவ்வாறு மாறியுள்ளன என்று வீடுவீடாகக் கேட்டு எழுதுவது அவளுடைய வேலை. மூன்று மாதம் ஆளில்லாமல் கிடந்தால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பது விதி.

இருபத்தேழு கதவுகளில் பூட்டுத் தொங்கியது. அத்தனை சாவிகளும் கீழ்வீட்டு முனுசாமியின் இடுப்பில் தொங்கின.

"எல்லாரும் வேலைக்குப் போய்க்கிறாங்கமா" என்றார் அவர்.

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. இந்தப் புடவை நேத்துப் பதினாலாம் நம்பர்ல இருந்துதே?"

முனுசாமி தலையைச் சொறிந்தார். "பதினாலுக்கு இன்னிக்கு லுங்கிமா."

"ஏழைங்க வீட்டையெல்லாம் வளைச்சுப் போட்டு வாடகைக்கு விடறீங்களா, பெரியவரே? நான் எழுதித்தான் ஆகணும்."

"வாடகைக்கா? சும்மா குடுத்ததுக்கே இருக்க முடியாம போய்ட்டாங்க. காசு குடுத்துக்கினு எவன்மா வருவான்?"

அவர் பத்தொன்பதாம் எண் வீட்டைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு விளக்கு மட்டும் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. ஒரு பாய்கூட இல்லை.

"கங்கையம்மா வூடு இது. விடியக்காலம் நாலு மணிக்குப் பூ வாங்கப் போவணும். இங்கேருந்து மொத பஸ்ஸே ஏழரைக்குத்தான். ஆட்டோவுல போனா, வித்த காசு அதுக்கே பத்தாது. அதான் புள்ளைங்களோட மார்க்கெட்டுக் கடை வாசல்லயே படுத்துக்குது. மத்ததுங்களும் அப்டித்தான், பெரிய காஞ்சிபுரத்துல எங்கனா ஓரமா."

"அப்ப இந்த லைட்டு?"

"மீட்டர் ஓடணும் இல்ல? ஒவ்வொரு வூட்லயும் நெதம் செத்த நேரம் போட்டு அணைப்பேன். துணி காயப் போடுவேன். வாசல்கூடத் தெளிக்கிறேன், கோலந்தான் எனக்கு வரமாட்டேங்குது." அவர் குரல் தழைந்தது. "என்னிக்கினா இங்க நல்லதா ஒரு பஸ்ஸு வரும், வேலை வரும். அன்னிக்கு அதுங்க திரும்பி வர வூடு இருக்கணும் இல்லமா? இதையும் புடுங்கிட்டா, கடை வாசல்தான் நெலைன்னு ஆயிடும்."

கைப்பேசிப் படிவத்தில் 'ஆளில்லை' என்ற கட்டத்தின்மேல் துளசியின் விரல் நெடுநேரம் நின்றது. இத்தனை ஆண்டுகளில் ஒரு படிவத்திலும் அவள் பொய் எழுதியதில்லை.

'குடியிருக்கின்றனர்' என்று தொட்டாள். இருபத்தேழு முறை தொட்டாள்.

"வருமானம் என்னன்னு போட?"

"முன்னைக்கு இப்ப நல்லா இருக்குதுன்னே போடுமா. கொறைச்சுப் போட்டா சந்தேகம் வந்துரும்."

அப்படியே போட்டாள். முனுசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

மூன்று வாரம் கழிந்தது. ஆய்வு நிறுவனத்தின் தலைவர் இளவரசன் அவளைத் தம் அறைக்கு அழைத்தார்.

"பிரமாதம், துளசி. நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு. நம்ம அறிக்கையைப் பார்த்துட்டு, ஆத்தங்கரையில மிச்சம் இருக்கிற நானூறு குடும்பத்தையும் அங்கேயே கொண்டுபோக அரசாங்கத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்க."

மேசைமேல் இருந்த அறிக்கையைத் துளசி தன் பக்கம் திருப்பினாள்.

"நல்லவேளை" என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பாதிக்கு மேல காலின்னு வந்திருந்தா, அந்த இடமே சரிப்படாதுன்னு முடிவு கட்டி, பழைய ஆளுங்க புது ஆளுங்க எல்லாருக்கும் ஊருக்குள்ளேயே வீடு கட்டித் தர நிலம்கூடப் பார்த்து வெச்சிருந்தாங்க."