பொம்பளைங்களுக்கு அந்தக் கண்ணு கிடையாது

பூதக்கண்ணாடியின் மனைவி நாணயக் கடையிலிருந்து வெளியே வந்து, முந்தானையால் முகத்தை மறைத்தபடி விறுவிறுவென்று நடந்ததைச் செயலாளர் பார்த்துவிட்டார்.

அவர் நாணயம் சேகரிப்போர் சங்கத்தின் செயலாளர். பூதக்கண்ணாடி அந்தச் சங்கத்தின் மூத்த உறுப்பினர். சில்லறையைக் கையில் வாங்கினால் உருப்பெருக்கி வைத்துப் பார்க்காமல் பையில் போடமாட்டார். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

போன ஞாயிறு கூட்டத்தில்தான் ஒருவர் கேட்டார். "இத்தனை பேர் இருக்கோம். ஒரு பெண்கூட நம்ம சங்கத்துல இல்லையே, ஏன்?"

செயலாளர் எழுந்து பதில் சொன்னார். "காசைப் பார்த்தா பொம்பளைங்களுக்குச் செலவுதான் ஞாபகம் வரும். நமக்குச் சரித்திரம் ஞாபகம் வரும். அதுக்கு ஒரு கண்ணு வேணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். பூதக்கண்ணாடி கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்.

பாவம், அந்த மனுஷனின் வீட்டிலேயே இப்படி நடக்கிறதே என்று நினைத்தார் செயலாளர். நேராகக் கடைக்குள் நுழைந்தார். சாவிக் கடைக்கும் கடிகாரக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிய கடை அது; ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்கத்தான் முடியும்.

"இப்ப வந்துட்டுப் போனாங்களே, எவ்வளவு நாளா நடக்குது இது?"

"எது சார்?" என்றார் கடைக்காரர்.

"புருஷன் சேர்த்து வச்சதைப் பொண்டாட்டி திருட்டுத்தனமா விக்கறது. நீங்களும் வாங்கறீங்க."

"சார், அப்படியெல்லாம் இல்லை."

"நான் அவருக்கு இப்பவே போன் பண்றேன்." செயலாளர் போனை எடுத்தே விட்டார்.

கடைக்காரர் எட்டி அவர் கையைப் பிடித்தார். "வேண்டாம் சார். ஒரு குடும்பத்தைக் கலைச்சிடாதீங்க. அந்தம்மா விக்க வரலை. வாங்க வந்தாங்க."

"வாங்கவா? அவங்க எதுக்குக் காசு வாங்கணும்?"

"வாங்கிட்டுப் போய் காய்கறிக் கடைச் சில்லறையோட கலந்து மேஜை மேல வச்சுடுவாங்க. அவரு கண்டுபிடிப்பாரு."

செயலாளர் போனைக் கீழே வைத்தார்.

"அவரு வேலையை விட்டு வீட்டுல உட்கார்ந்ததுலேர்ந்து அடுப்பு எரியுற அளவுலேர்ந்து துணி காயப்போடற விதம் வரைக்கும் எல்லாத்துலயும் நொட்டை சொல்றாராம். ஒரு பழைய காசு கிடைச்சா நாலு நாள் மனுஷன் குழந்தை மாதிரி ஆயிடுவாராம். அந்தம்மா ரொம்ப விவரம் சார். பளபளன்னு இருந்தா வேண்டாம்பாங்க. கொஞ்சம் அழுக்கா இருக்கறதாப் பார்த்துக் குடுங்க, அப்பதான் நம்புவாருன்னு சொல்வாங்க."

செயலாளருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அடப்பாவமே. போன மாசம்கூட ஒரு காசைக் காட்டி என்னா அலட்டல் அலட்டினாரு தெரியுமா? நல்லவேளை, நம்ம வீட்டுல அந்த வேலையே கிடையாது. என் வீட்டுக்காரிக்குப் பழைய காசுக்கும் சட்டைப் பொத்தானுக்கும் வித்தியாசம் தெரியாது."

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த பெட்டி.

"நீங்க சங்கத்துல காட்டினீங்களே, நடுவுல ஓட்டை போட்ட காசு. அது எங்க சார் கிடைச்சது?"

"பால் வாங்கின சில்லறையில. ஏன்?"

"சும்மா கேட்டேன். அந்தக் காசு நம்ம அப்பா காலத்துலயே செல்லாமப் போச்சே. பால்காரர் எங்க வச்சிருந்தாரோ."

செயலாளர் சிரிப்பதை நிறுத்தினார்.

"என்ன சொல்றீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லலை சார். சொல்லமாட்டேன்னு அந்தம்மாங்ககிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அந்தம்மாங்களா?"

"என் கடை ஓடறதே அவங்களாலதான் சார். ஆம்பளைங்க வந்து பார்ப்பாங்க, விலை கேட்பாங்க, சரித்திரம் பேசிட்டுப் போயிடுவாங்க. வாங்கறது முக்கால்வாசி பொம்பளைங்கதான்."

வீடு வரைக்கும் செயலாளர் நடந்தே வந்தார். கம்பெனியை மூடி அவரை வீட்டுக்கு அனுப்பிய வருஷம் அவருக்கு நினைவு வந்தது. யாரோடும் பேசாமல், ஜன்னல் பக்கம்கூடத் திரும்பாமல் நாற்காலியில் கிடந்த வருஷம். முதல் பழைய காசு அவருக்கு அப்போதுதான் கிடைத்தது. மருந்துக் கடைச் சில்லறையில். அன்றைக்குத்தான் எழுந்து முகச்சவரம் செய்துகொண்டார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, சோப்பு வாங்கினேன். மீதிச் சில்லறை மேஜை மேல இருக்கு. சரியா இருக்கான்னு எண்ணிப் பாருங்க."

செயலாளர் உட்கார்ந்தார். குவியலில் கைவைத்ததுமே தெரிந்துவிட்டது. விளிம்பு தேய்ந்து, கறுத்துப்போய், பல மாதமாக அவர் தேடிக்கொண்டிருந்த காசு.

அதைத் தொடாமல் மற்றதையெல்லாம் எண்ணினார்.

"சரியா இருக்கு" என்று எழுந்தார்.

மனைவியின் கை நின்றது. "அதுக்குள்ளயா? கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாப் பாருங்க."

போட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாம் சாதாரணக் காசுதான்."

"இல்லே, அந்த ஓரத்துல கறுப்பா ஒண்ணு கிடக்கே. கடைக்காரன் செல்லாததைத் தள்ளிட்டானோ என்னவோ."

செயலாளர் அந்தக் காசை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் ஏனோ ஈரம் படிந்தது. துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அடியே, இது என்னன்னு தெரியுமா உனக்கு? எத்தனை நாளா இதுக்காக அலைஞ்சேன். இங்க வந்து சோப்புக் கடைச் சில்லறையில கிடக்கு பாரு."

அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள்.

"எனக்கு என்னங்க தெரியும்? அதுக்கெல்லாம் உங்களை மாதிரி ஒரு கண்ணு வேணும்."

"ஆமாமா" என்றார் செயலாளர். "பொம்பளைங்களுக்கு அது வராது."